மூன்று தலைமுறைக்கு மூன்று ஏப்ரன்: 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பணிப்பெண் உடையைச் சரியாகத் தைப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: கல்லூரி நாடகம் ஒன்றில் ஒரே லண்டன் வீடு மூன்று காலங்களில் வருகிறது: 1815, 1860, 1885. மூன்றிலும் ஒரு பணிப்பெண் உண்டு. நடுவில் கசாப்புக் கடைப் பையனும் பட்லரும் வந்து போகிறார்கள். வாடகை உடைக் கடையில் கிடைத்தது கழுத்தில் மாட்டுகிற, லேஸ் வைத்த சின்ன வெள்ளை ஏப்ரன். அதையே மூன்று காட்சிக்கும் வைத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் என்ன தைப்பது?

அந்த ஏப்ரன் மூன்றில் எதற்கும் பொருந்தாது. கழுத்தைச் சுற்றி மாட்டும் வளையம் 20ஆம் நூற்றாண்டுச் சமையலறை வழக்கம். முழங்காலுக்கு மேலே நிற்கும் லேஸ் துண்டு பிற்காலத்து மேடை வேடம். தரையைத் துடைத்து, அடுப்புக் கரி அள்ளிய ஒரு பெண்ணுக்கு அந்த அளவுத் துணியால் எந்தப் பயனும் இருந்திருக்காது. (இந்தியாவில் சில மருத்துவக் கல்லூரிகளில் வெள்ளைக் கோட்டையே ஏப்ரன் என்கிறார்கள். இங்கே பேசுவது இடுப்பில் கட்டி முன்பக்கத்தை மூடும் துணியைப் பற்றி மட்டும்.)

தைப்பதற்கு முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். அந்தக் காலத்துக் கவுன் பெரும்பாலும் துவைக்கிற உடையே இல்லை. கம்பளியோ பட்டோ என்றால் தண்ணீர் பட்டதும் சாயம் ஓடும், துணி சுருங்கும், உள்ளே தைத்த அஸ்தர் ஒரு பக்கம் இழுக்கும். நல்ல கவுனைத் துவைக்க வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, துண்டு துண்டாக அலசி, மறுபடி தைப்பார்கள். அதனால் கவுனுக்கு உள்ளே ஒரு துணி, வெளியே ஒரு துணி என்று இரண்டு காவல். உடம்பின் வியர்வையை உள்ளே அணிந்த நீளமான பருத்திச் சட்டை வாங்கிக்கொள்ளும். வெளி அழுக்கை ஏப்ரன் வாங்கிக்கொள்ளும். கழற்றி மாட்டும் காலரும் கைப்பட்டியும்கூட இதே வேலைக்குத்தான். இந்த மூன்றும் சலவைக்குப் போகும், கவுன் அலமாரிக்குப் போகும். ஏப்ரனின் நீளம், அகலம், துணி, நிறம் எல்லாமே இந்த ஏற்பாட்டிலிருந்து வருபவை. கவுனின் வடிவம் மாறினால் ஏப்ரனும் மாறியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் கவுனை முதலில் பாருங்கள்.

பெயரிலேயே இந்தத் துணியின் வயது தெரிகிறது. பழைய பிரெஞ்சில் மேசைத்துணிக்கு 'நாப்'. அதன் சிறு வடிவம் 'நாப்ரோன்'. ஆங்கிலத்தில் 'எ நாப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, நடுவிலிருந்த 'ந' முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது. கைத்துடைப்பு நாப்கினும் இதே குடும்பம். குழந்தைகள் கவுனுக்கு மேல் போடும் 'பினஃபோர்' என்ற சொல்லுக்கு 'முன்னால் குண்டூசியால் குத்தியது' என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், மார்புத் துண்டு தைக்கும்போது உதவும்.

1815 காட்சி. கவுனின் இடுப்பு மார்புக்கு நேர் கீழே நிற்கிறது. பாவாடை ஒடுக்கமாக நேரே இறங்குகிறது. ஏப்ரனையும் அங்கேயே, மார்புக்குக் கீழேதான் கட்ட வேண்டும். தொப்புள் மட்டத்தில் கட்டினால் உடை நடுவில் பிதுங்கி, பார்ப்பவருக்குக் காலமே குழம்பிவிடும். பாவாடை ஒடுக்கமாக இருப்பதால் 90 செ.மீ. அகலத் துணி ஒரு பாகமே போதும். நீளம் மார்புக்குக் கீழிருந்து பாவாடை விளிம்புக்குப் பத்து செ.மீ. மேலே வரை, சராசரி உயரப் பெண்ணுக்கு ஏறக்குறைய 105 செ.மீ. மார்பை மூடும் துண்டு வேண்டுமென்றால் பட்டியோடு சேர்த்துத் தைத்து, மேல் மூலைகள் இரண்டையும் கவுனில் குண்டூசியால் குத்துங்கள். தோளில் மாட்டும் பட்டை வேண்டாம். ஊக்கும் கூடாது: இன்று நாம் பயன்படுத்தும் ஊக்குக்கு அமெரிக்காவின் வால்டர் ஹண்ட் காப்புரிமை பெற்றது 1849இல்தான். மேடையில் குண்டூசி பயமாக இருந்தால் உட்புறம் நாலு தையல் போட்டுவிட்டு, மேலே குண்டூசித் தலை மட்டும் தெரிய விடலாம்.

அப்போது பணிப்பெண்ணுக்குச் சீருடை கிடையாது. தன் உடையையோ எஜமானி கழித்துத் தந்த உடையையோ போட்டிருப்பாள். ஆகவே இந்த ஏப்ரன் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீலம் வெள்ளைச் சிறு கட்டம் மிகப் பொருத்தம். ஆங்கிலத்தில் அந்தச் சிறு கட்டத்துக்கே 'ஏப்ரன் கட்டம்' என்று பெயருண்டு. கட்டம் நெய்ததாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அச்சடித்த கட்டத்தின் பின்பக்கம் வெளிறித் தெரியும். ஏப்ரன் மூலையைத் தூக்கிக் கை துடைக்கிற முதல் அசைவிலேயே முன்வரிசைக்கு அது தெரிந்துவிடும்.

ஏன் நீலம்? அவுரிச் சாயம் சோப்பையும் வெந்நீரையும் தாங்கும். மற்ற மலிவுச் சாயங்கள் பெரும்பாலும் தாங்கா. 1856இல் வில்லியம் பெர்கின் ஊதாச் சாயத்தைச் செயற்கையாகக் கண்டுபிடித்த பிறகு கவுன்கள் பளிச்சென்று மாறின. ஆனால் தொடக்கக் காலச் செயற்கைச் சாயங்கள் வெயிலிலும் சலவையிலும் எளிதில் மங்கின. அதனால் வாராவாரம் கொதிநீரில் போடும் ஏப்ரன் வெள்ளையையும் அவுரி நீலத்தையும் விடவில்லை. செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது 1897இல். அதுவரை ஐரோப்பா பயன்படுத்திய அவுரியில் பெரும்பங்கு வங்காளத்திலிருந்து போனது. கடப்பை, தென்னார்க்காடு பக்கத்து அவுரியும் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனது. 'காலிகோ' என்ற துணிப்பெயர் கோழிக்கோட்டிலிருந்து வந்தது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். 1721இல் இங்கிலாந்து அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே தடை போட்டது, 1774இல் நீக்கியது. அதற்குப் பிறகு அச்சுத் துணிக்கு இருந்த வரியும் 1831இல் போனது. வட இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி மலிந்ததும் இந்த வரி நீக்கமும் சேர்ந்துதான் ஏழைப் பெண்ணுக்கும் துவைக்கக்கூடிய பருத்திக் கவுனைக் கொடுத்தன.

மலிவுத் துணிக்கு எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. வேலைக்காரியும் பூப்போட்ட நல்ல கவுன் போட ஆரம்பித்ததும், வாசலில் நிற்பது யார் என்று தெரியவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் சீருடை இறுகியது. காலையில் அச்சுப் பருத்திக் கவுனும் முரட்டு ஏப்ரனும்; மதியத்துக்குமேல் கறுப்பு கவுன், கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. அந்த உடைகளைப் பெரும்பாலும் அந்தப் பெண்ணே தன் காசில் வாங்கித் தைத்துக்கொண்டுதான் வேலைக்கே சேர முடியும். இது நாடகத்துக்கு நேரடியாக உதவும்: 1885 காட்சி காலையில் நடக்கிறதா, மாலையில் நடக்கிறதா என்பதை வசனமே இல்லாமல் ஏப்ரன் சொல்லிவிடும்.

இப்போது 1860. தையல் வேலை அதிகமுள்ள ஏப்ரன் இதுதான், ஆனால் எளிது: எல்லாத் துண்டும் நீள்சதுரம். கவுனின் பாவாடை அகன்றுவிட்டது. 1856இல் காப்புரிமை பெற்ற எஃகு வளையக் கூண்டு பாவாடைக்கு அடியில் பரவலாகிவிட்ட காலம். பணிப்பெண்களும் சிறிய அளவில் அதை அணிந்தார்கள், அடுப்பருகே தீப்பிடித்து இறந்தவர்களும் உண்டு. உங்கள் பணிப்பெண்ணுக்குக் கூண்டு வேண்டாம். கெட்டியான உள்பாவாடை இரண்டு, அதில் ஒன்றுக்காவது நல்ல கஞ்சி, அது போதும். மேல்பாவாடையின் சுற்றளவு இரண்டே முக்காலிலிருந்து மூன்று மீட்டர் வரை இருக்கட்டும். ஏப்ரன் அதில் பாதிக்கு மேல் மூட வேண்டும்.

துணி: வெளுத்த காடா அல்லது கெட்டியான காம்பிரிக். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், கஞ்சியைப் பிடிக்காது, மேடை விளக்கில் பளபளக்கும். 90 செ.மீ. அகலத்தில் இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்துக் காயப்போடுங்கள். காடா மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. வரை சுருங்கும். இதைத் தவிர்த்துவிட்டுத் தைத்தால் முதல் சலவையில் ஏப்ரன் சுருங்கி, அளவெல்லாம் தப்பிவிடும்.

93 செ.மீ. நீளத்தில் இரண்டு பாகம் வெட்டுங்கள். முடிந்த நீளம் 85 செ.மீ. வரும்: கீழே ஐந்து செ.மீ. மடிப்புக்கும் அதன் உள்மடிப்புக்கும் ஆறு, மேலே பட்டிக்குள் போக ஒன்றரை, மிச்சம் அரை கைத்தவறுக்கு. ஒரு பாகம் முழுதாக நடுவில். மற்றொன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும். இப்படிச் செய்தால் வயிற்றின் நடுவே மூட்டு வராது. பிளந்த துண்டுகளின் வெட்டிய ஓரம் நடுப்பாகத்தோடு சேரட்டும், நெய்த கரை ஓரம் வெளியே வரட்டும். கரை ஓரத்தை மடித்து அடிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலும் அப்படியே விட்டார்கள். நேரமும் மிச்சம், பக்கவாட்டில் தடித்துச் சுருண்டும் நிற்காது.

சுருக்கத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மேல் விளிம்பில் ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டுத்தையல், தையல் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லிமீட்டர். இரண்டு வரிசையிலும் ஊசி ஏறி இறங்கும் இடம் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இருந்தால்தான் சுருக்கம் குழாய் குழாயாக நிற்கும். ஒரு வரிசை மட்டும் ஓட்டினாலோ மிஷினில் பெரிய தையல் போட்டு இழுத்தாலோ சுருக்கம் கசங்கி ஒரு பக்கம் சாயும். நூல் தடிமனாக இருக்க வேண்டும், இழுக்கும்போது நடுவில் அறுந்தால் முழுவதும் மறுபடி. இழுத்து முடித்ததும் ஊசி முனையால் ஒவ்வொரு சுருக்கத்தையும் மேலிருந்து கீழாகக் கோதிவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் கைத்தையல் ஏப்ரனையும் கடை ஏப்ரனையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒன்றுதான். நடு முன்பக்கத்தில் பதினைந்து செ.மீ. அளவுக்குச் சுருக்கத்தைக் குறைத்து, இடுப்பின் இரு பக்கமும் நெருக்குங்கள். சமமாகப் பரப்பினால் வயிறு உப்பியது போலத் தெரியும்.

பட்டியை 7 செ.மீ. அகலத்தில் வெட்டி இரண்டாக மடித்தால் இரண்டரை செ.மீ. பட்டி வரும். நீளம் இடுப்புச் சுற்றளவில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்: 70 செ.மீ. இடுப்புக்கு 55 முடிந்த நீளம், 58 வெட்டும் நீளம். பின்னால் பதினைந்து செ.மீ. இடைவெளி இருக்கும், இருக்கத்தான் வேண்டும். பட்டியையும் துணியையும் நான்காக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துக் குத்துங்கள். நாடா இரண்டு, 80 செ.மீ. நீளம், நாலு செ.மீ. அகலம். முடிச்சு பின்னால். முன்னால் வில் முடிச்சுப் போட்டால் ஏப்ரன் பரிசுப் பொட்டலம் ஆகிவிடும்.

மிஷின் தையல் 1860இல் தப்பா என்றால், இல்லை. எலியாஸ் ஹோவின் காப்புரிமை 1846, சிங்கருடையது 1851. ஆனால் வேலைக்காரப் பெண் தன் ஏப்ரனைக் கையால்தான் தைத்திருப்பாள். நீண்ட மூட்டுகளை மிஷினில் ஓட்டிவிட்டு, கீழ் மடிப்பையும் பட்டியின் உட்புறத்தையும் கையால் அடித்தால் பார்வைக்குப் போதும்.

1885க்கு வந்தால் பாவாடையின் முன்பக்கம் தட்டையாகி, துணியெல்லாம் பின்னால் போய், பாவாடைக்கு அடியில் இடுப்பின் பின்புறம் கட்டும் திண்டின் மேல் குவிகிறது. ஏப்ரனும் அப்படியே: அகலம் ஒன்றரைப் பாகம், அதாவது 135 செ.மீ. போதும், நடு முன்பக்கம் இருபது செ.மீ. தட்டை, சுருக்கம் இரு ஓரங்களில். குண்டூசியால் குத்தும் மார்புத் துண்டு போய், தோளில் மாட்டும் பட்டை வந்துவிட்டது. மார்புத் துண்டு மேலே 26, பட்டியில் 20, உயரம் 25 செ.மீ. பட்டைகள் ஐந்து செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம், முதுகில் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கப் பட்டியில் பட்டனில் மாட்ட வேண்டும். நேரே இறக்கினால் குனியும்போது தோளிலிருந்து நழுவும். கடப்பதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. பின்நாடாக்கள் அகலமாக, 14 செ.மீ. வரை, ஒரு மீட்டர் நீளம். திண்டுக்கு மேலே பெரிய வில்லாகக் கட்டி முனைகளைத் தொங்கவிடுங்கள். மொத்தத் துணி மூன்றேகால் மீட்டர். தோளில் அகலமான ஃப்ரில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது கைகள் பலூன் போல உப்பிய 1890களில் பெருகியது. 1885க்கு மார்புத் துண்டின் ஓரத்தில் ஒரு விரல் அகல எம்பிராய்டரி ஓரம் போதும்.

இந்தக் காட்சி காலையில் என்றால் வெள்ளை வேண்டாம். அடுப்புச் சட்டத்துக்குக் கறுப்பு மெருகு போடவும் படிக்கட்டு தேய்க்கவும் சாக்குத்துணி ஏப்ரன்தான் கட்டுவார்கள். மெல்லிய சணல் துணியில் நாடா வைத்துத் தைத்தால் அரை மணியில் முடியும். வெள்ளை ஏப்ரனுக்கு மேலேயே இதைக் கட்டி, மணி அடித்ததும் அவிழ்த்துவிட்டு வாசலுக்கு ஓடுவதைக் காட்டினால் மேடையில் அருமையான அசைவு கிடைக்கும்.

ஆண்கள் இருவர் பற்றி: கசாப்புக் கடைப் பையனுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட நீண்ட ஏப்ரன். ரத்தம் காய்ந்தால் அவுரி நீலத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பட்லர் விருந்தினர் முன் ஏப்ரனோடு வரவே மாட்டார். உள்ளறையில் வெள்ளிப் பாத்திரம் துடைக்கும்போது பச்சைக் கம்பளி ஏப்ரன் கட்டலாம், பில்லியர்ட்ஸ் மேசை மேல் விரிப்பது போன்ற துணி. வெள்ளியில் கீறல் விழாது. நாடகத்தில் லாடக்காரர் யாரையாவது சேர்த்தால் அவருடைய தோல் ஏப்ரன் நடுவில் கீழிருந்து பிளந்திருக்க வேண்டும். குதிரையின் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளத்தான் அந்தப் பிளவு.

கடைசியாகக் கஞ்சி. பாதி உழைப்பு இங்கேதான் வீணாகிறது. 1885 ஏப்ரன் காகிதம் போல் விறைப்பாக நிற்க வேண்டும், 1815க்குக் கஞ்சியே வேண்டாம், 1860க்கு லேசாக. சோற்றுக் கஞ்சி பழுப்பேறும், கட்டி தட்டும். சோளமாவு (கார்ன்ஃப்ளார்) இரண்டு மேசைக்கரண்டியை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீர் ஒரு லிட்டரில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடி போல் தெளியும்வரை வேக வேண்டும். தெளியாத கஞ்சி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு துணியில் செதில் செதிலாக உரியும். விக்டோரியா காலத்தில் இதில் கொஞ்சம் வெண்காரமும் ஒரு துணுக்கு மெழுகுவர்த்தி மெழுகும் போட்டார்கள். மெழுகு பெட்டியை வழுக்க வைக்கும், வெண்காரம் விறைப்பும் பளபளப்பும் தரும். இன்றும் பலிக்கும். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி வெண்காரம், சுண்டைக்காய் அளவு மெழுகு, இரண்டும் கொதிநீரிலேயே. வெண்காரம் உள்ள கஞ்சி கண்ணிலோ வாயிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலம் போடுவதென்றால் கஞ்சிக்கு முந்திய அலசலில் போடுங்கள், அதற்கு முன் சோப்பு முழுதும் போயிருக்க வேண்டும். பிரஷ்யன் நீலம் கலந்த பழைய வகை நீலம் சோப்பின் காரத்தோடு சேர்ந்தால் சிதைந்து இரும்புக் கறையை விட்டுவிடும். வெள்ளைக்காகப் போட்ட நீலமே துணியைப் பழுப்புப் புள்ளியாக்கிவிட்டதே என்று அந்தக் காலத்துச் சலவைப் பெண்கள் நொந்துகொண்டதற்கு இதுவே காரணம். கஞ்சியில் நனைத்துப் பிழிந்த துணியை முழுதும் காயவிட்டு, பிறகு தண்ணீர் தெளித்து, சுருட்டி ஒரு மணி நேரம் வைத்து, ஈரம் சமமாகப் பரவியதும் சூடான பெட்டியால் தேயுங்கள். முதலில் நாடா, பிறகு மார்புத் துண்டு, கடைசியில் கீழ்ப்பகுதி. சுருக்கத்துக்குள் பெட்டியின் மூக்கைக் கீழிருந்து மேலாக நுழைக்க வேண்டும், மேலே அழுத்தித் தட்டையாக்கினால் கோதிவிட்டதெல்லாம் போச்சு.

தேய்த்ததை நாடகத்தன்று காலை வரை மடிக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஒத்திகைகளுக்குக் கஞ்சி போடாத வேறொரு காடா ஏப்ரன் வைத்துக்கொண்டால் நல்லது. வில் முடிச்சைப் பின்னால் தானே கட்டிப் பழக நடிகைக்கு நாலைந்து ஒத்திகையாவது தேவைப்படும்.